தனிக் கதவு வைத்த அறை

விருத்தாசலம்
ஆவணி 5

அன்பு மகன் பழமலைநாதனுக்கு உன் அம்மா அமிர்தம் எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன், முழங்கால்தான் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது, மற்றபடி சுகத்துக்குக் குறைவில்லை. அங்கே பெங்களூரில் நீயும் மருமகள் மோகனப்பிரியாவும் பேத்தி கார்முகிலும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஆழத்துப் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத்தான் தினமும் காலையில் வாயில் காப்பி ஊற்றுகிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் கார் ஓட்டுகிறேன் என்பாய், மீட்டிங் என்பாய், அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன் என்றாலும் என் எழுத்தைப் பார்த்து யாரும் கைநாட்டு என்று சொல்ல மாட்டார்கள், அதனால் தைரியமாக எழுதுகிறேன். இந்த வீட்டை விற்கக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஐப்பசிக்குள் பெங்களூருக்கே வந்துவிடு, உனக்குத்தான் தனி அறை இருக்கிறதே என்று மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். அதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. சின்ன வயதில் கணக்குப் புத்தகத்தில் விடையை மட்டும் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பாயே, அப்படி இதைப் பார்க்காதே. முதலிலிருந்து படி.

ஊர்ச் செய்தி சொல்லிவிடுகிறேன். ஆடி முழுக்க ஏமாற்றிய மழை இப்போது சாயங்காலமானால் நாலு தூறல் போட்டுவிட்டுப் போகிறது. மணிமுத்தாற்றில் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் வேலைக்கு எடுப்பதெல்லாம் வடக்கத்திப் பையன்களைத்தானாம், அவர்களுக்குத் தகரக் கொட்டகை போட்டு ஒரு கொட்டகைக்குப் பத்துப் பேர் என்று அடைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அன்னமேரிக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை எல்லாம் கிண்டல் செய்கிறாள். என்னைப் பார்த்தால் ஒரே கேள்விதான், "என்னாக்கா, பெங்களூரு மகாராணி எப்பக் கெளம்புறீங்க, கூடப் பொட்டி தூக்க ஆளு வேணாமா?" என்பாள். நானும் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். வீடு வாங்க நீ அனுப்பிய ஆள் இரண்டு தடவை வந்து டேப் பிடித்து அளந்தான். செருப்போடு சாமி மாடம் வரை வந்தான். "என்னாம்மா இது, வூட்டுக்கு ஒத்த வாசல்தானா, பின்னால வழியே இல்லியே, சரி வுடுங்க, எப்படியும் இடிக்கத்தான் போறோம்" என்றான். மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், உன் அப்பா எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டும் இன்னொரு வாசலுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதை அவனிடம் நான் சொல்லவில்லை. கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் நீ சைக்கிள் ஓட்டிப் பழகிய இடத்தில் வயலைக் காணோம், மனை போட்ட மஞ்சள் கல்லும் சிவப்புக் கொடியும்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நகர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே நடவு நட்டவர்கள் எல்லாம் குடும்பத்தோடு உங்கள் பக்கம் பஸ் ஏறிவிட்டார்கள். ஊர் வளருகிறது என்கிறார்கள். ரோட்டோரமாகத்தான் வளருகிறது. உள்ளே தெருவில் இன்னும் தண்ணி லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத்தான் நிற்கிறோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சித்திரையில் உன் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்து வைகாசி கடைசி வரை நாற்பது நாள் தங்கியிருந்தேன் அல்லவா. பதினாலாவது மாடி. வாசல் பலகையில் உன் பெயரை இங்கிலீஷில் பொறித்திருந்ததைக் கார்முகில் விரல் வைத்துப் படித்துக் காட்டினாள், நாதன் என்று மட்டும் இருந்தது, பழமலையைக் காணோம். சரி, பலகையில் இடம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் படுக்க ஓர் அறை, குழந்தைக்கு ஓர் அறை, நீ கம்ப்யூட்டரில் வேலை பார்க்க ஓர் அறை, எனக்குச் சமையல்கட்டைத் தாண்டி, துணி துவைக்கும் மிஷினைத் தாண்டி, கடைசியில் ஓர் அறை. உள்ளேயே பாத்ரூம். வெளியே போக அதற்கென்று தனிக் கதவு. அந்தக் கதவைப் பார்த்ததும் என் நெஞ்சு நிறைந்துவிட்டது, மறைத்து என்ன ஆகப்போகிறது. விடிவதற்குள் எழுந்து நடக்கப் போகிறவள் அம்மா, யாரையும் எழுப்பாமல் போய்வரட்டும் என்று என் மகன் யோசித்து யோசித்து வைத்த கதவு என்று நினைத்தேன். கதவைத் திறந்தால் எதிரிலேயே ஒரு லிஃப்ட்டு, கட்டிலையே நிற்கவைத்துக் கொண்டுபோகலாம் போல அவ்வளவு பெரிசு, சுற்றிலும் பலகை அடித்திருந்தது. பால்காரர், கேஸ் சிலிண்டர்காரர், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் எல்லாரும் அதில்தான் வந்தார்கள். பாதிப் பேர் நம் ஜில்லாக்காரர்கள், தமிழ் பேசிக்கொண்டே போகலாம். எனக்குக் குஷி. ஊருக்குப் போன் போட்டு அன்னமேரியிடம் சொன்னேன், எம் புள்ள எனக்குன்னு தனி வாசல் வெச்சுக் கட்டியிருக்கான் என்று. அவள் சர்ச்சில் சொல்லி, ரேஷன் கடையில் சொல்லி, நான் திரும்பி வருவதற்குள் அந்தக் கதவு ஊருக்கே தெரிந்த கதவாகிவிட்டது. கார்முகில் மட்டும் ஒருநாள் என் மடியில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, "பாட்டி, உன் ரூம்ல மட்டும் ஏன் ஜன்னல் அவ்ளோ மேல இருக்கு?" என்று கேட்டாள். வெயில் படாமல் இருக்க என்று நான்தான் பதில் சொன்னேன்.

அந்த பாத்ரூமில் முதல் நாளே ஒன்றைக் கண்டுவிட்டேன். முப்பத்தொரு வருஷம் சூளையிலிருந்து வரும் சாமானைத் தரம் பிரித்தவள் நான், கண்ணுக்கு முன்னால் கை போய்விடும். உட்காரும் கோப்பையின் விளிம்பில் ஊசி குத்தினாற்போல ஏழெட்டுத் துளை. அடிப்பக்கம் தரையில் சமமாக உட்காராமல் ஒரு பக்கம் தூக்கியிருந்தது, அதை மறைக்க அந்தப் பக்கம் மட்டும் வெள்ளை சிமென்ட்டை விரல் தடிமனுக்கு அப்பியிருந்தார்கள். விரலை மடக்கித் தட்டினேன், கணீரென்று வரவேண்டிய சத்தம் சளி பிடித்தவன் பேசுவது போல வந்தது. எங்கள் கம்பெனியில் இதை செகண்ட்ஸ் என்று ஒதுக்கி ஓரமாக அடுக்குவோம். மற்ற மூன்று பாத்ரூமிலும் போய்த் தட்டிப் பார்த்தேன், மோகனப்பிரியா கூட, "அத்தை என்ன பண்றீங்க, பூச்சி ஏதும் இருக்கா?" என்று ஓடி வந்தாள். அங்கே எல்லாம் ஃபஸ்ட்டு, ஒரு குறை சொல்ல முடியாது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தோன்றியது வேறு. கட்டியவன் என் பிள்ளையை ஏமாற்றிவிட்டான், மூன்று நல்லதை மாட்டிவிட்டு யாரும் கவனிக்காத நாலாவதில் மட்டமானதைத் தள்ளிவிட்டான் என்று கொதித்துப் போனேன். உன்னிடம் சொன்னபோது நீ போனைப் பார்த்துக்கொண்டே, "சரிம்மா, பாக்கலாம்" என்றாய். படித்த பிள்ளைக்கு பீங்கான் மறந்துவிட்டது, நாம்தான் கேட்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

அதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கார் நிறுத்தும் இடத் தகராறு என்று நீ கீழே கட்டடத்து ஆபீசுக்குக் கிளம்பினாய், நானும் வருகிறேன் என்று நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு என் பக்கத்து லிஃப்ட்டில் பின்னாலேயே இறங்கி வந்தேன். அங்கே உன்னைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேர் குறை சொல்லக் காத்திருந்தார்கள். உன் முறை வந்து நீ வாயைத் திறப்பதற்குள் நான் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். "சார், எம் மவன் வூட்டுல ஒரு பாத்ரூமுல செகண்ட்ஸ் சாமானை மாட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க, நான் விருத்தாசலம், பீங்கானத் தட்டியே பொழச்சவ. அதைக் கழட்டிட்டு ஃபஸ்ட்டு வைக்கணும்" என்றேன். அந்த மேனேஜர் மரியாதையான ஆள்தான், ஓசூர்ப் பக்கமாம், வீட்டு நம்பரைக் கேட்டு கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து, "எந்த பாத்ரூமுங்கம்மா?" என்றான். சமையல்கட்டுக்குப் பின்னால், தனிக் கதவு வைத்த அறை, என்னுடைய அறை என்றேன். அவன் சிரித்துவிட்டான். "அது மெய்ட் ரூமுங்கம்மா, வேலைக்காரங்களுக்கு. எல்லா டவர்லயும் அதுக்கு அந்தக் குவாலிட்டிதான் குடுத்திருக்கோம், அவங்களுக்கு அது போதும்ல" என்றான். பிறகுதான் நான் சொன்னது அவன் காதில் சரியாக ஏறியிருக்க வேண்டும், சிரிப்பை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தான். பின்னால் நின்றவர்களில் சிலர் போனைக் குனிந்து பார்த்தார்கள், ஒரு பெண்மணி என் புடவையைப் பார்த்தாள். நீ அவனிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாய். எனக்கு அதில் டெம்பரரி என்கிற ஒரு வார்த்தைதான் விளங்கியது. எங்கள் கம்பெனியில் அன்றாடம் கூலிக்கு எடுத்து, வேண்டாம் என்றால் மறுநாள் வாசலோடு நிறுத்திவிடும் ஆட்களுக்கு அந்தப் பெயர். திரும்பி வரும்போது, "ஏம்மா எல்லாரும் இருக்கிற இடத்துல மானத்த வாங்குற?" என்றாய். நான் வாங்கியது யார் மானம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு மட்டும் என்னை முன்பக்கத்து லிஃப்ட்டில் ஏற்றினாய். கண்ணாடி பதித்த லிஃப்ட்டு. நாற்பது நாளில் நான் அதில் ஏறியது அந்த ஒரு தடவைதான்.

உன் வீட்டில் பாத்திரம் தேய்த்துத் துடைத்து வைத்த அம்புஜவல்லியைப் பற்றி நீ எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. பேரைச் சொன்னதுமே ஸ்ரீமுஷ்ணமா என்று கேட்டேன், "எப்பிடிம்மா கண்டுபுடிச்சீங்க?" என்று வாயைப் பிளந்தாள். அந்தக் கோயில் தாயார் பெயரை வைத்துக்கொண்டு வேறு எந்த ஊரிலிருந்து வருவாள். அவள் புருஷன் உன் கட்டடத்துக்குக் கம்பி கட்ட வந்தவன், பதினாலாவது மாடிக்கு நான் கட்டின கம்பிதான் என்று அவளிடம் பெருமை பேசுவானாம், இதுவரை முன்வாசல் வழியாக அவன் அந்த மாடியைப் பார்த்ததில்லை. கட்டி முடித்ததும் ஏரிக்கரையில் தகரத்தை வைத்து ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள், உன் படுக்கையறை பால்கனியில் நின்றால் தெரியும். அந்தப் பெண் நடுவேலையில் திடீர் திடீரென்று காணாமல் போய் அரைமணி கழித்து மூச்சு வாங்க வருவாள். எங்கே போனாய் என்றால், "கீழ போயிட்டு வரேம்மா" என்பாள், அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் வருவதற்கு முன்னால் அந்த பாத்ரூம் அவள் ஒதுங்குவதற்காக விட்டிருந்தது. நான் வந்ததும் டிரைவர்மார் போகும் இடத்துக்கு, பதினாலு மாடி இறங்கிப் போ என்று சொல்லிவிட்டீர்கள். அவளைக் கூப்பிட்டு, இது வேலைக்காரர் அறை என்று உனக்குத் தெரியுமா, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "புள்ள ஆசையா தனி வாசல் வெச்சுக் குடுத்திருக்கான்னு நீங்க சொல்றப்ப மொகமே பூத்துப் போவுதும்மா. அதை எப்பிடி நான் கெடுக்கறது?" என்றாள். உன் வீட்டில் அத்தனை பேர் இருக்க, என் முகத்தைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். மிச்சமிருந்த நாளெல்லாம் நான் அந்த பாத்ரூமை அவளுக்குத் திறந்து விட்டேன். மோகனப்பிரியாவுக்குத் தெரியும். தெரிந்தும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நான் இல்லாத நேரத்தில் பினாயில் ஊற்றுவாள்.

இதெல்லாம் நடந்து மூன்று மாதமாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை, அன்னமேரியிடம் கூடச் சொல்லவில்லை. முழுங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போன வாரம் மோகனப்பிரியா போன் செய்தாள். முழங்கால் வலியை விசாரித்தாள், நல்ல பெண்தான், நான் குறை சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாக ஏரிக்கரைக் கொட்டகையெல்லாம் எடுத்துவிட்டார்கள் அத்தை, இப்போது வியூ நன்றாக இருக்கிறது என்றாள். நீங்கள் எல்லாரும் சேர்ந்து எழுதிக் கொடுத்த மனுவாம், முதல் கையெழுத்து உன்னுடையதாம், பெருமையாகத்தான் சொன்னாள். அம்புஜவல்லி என்ன ஆனாள் என்று கேட்டேன். எங்கேயோ தள்ளிப் போய்விட்டாளாம், இரண்டு பஸ் மாறி வருகிறாளாம், தினமும் லேட்டு, அதனால் நிறுத்திவிட்டோம் என்றாள். கொட்டகையைப் பிடுங்கியதும் நீங்கள், லேட்டாக வருகிறாள் என்று நிறுத்தியதும் நீங்கள். இதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவள் அடுத்ததைச் சொன்னாள். "ஆள் கெடைக்கவே மாட்டேங்குது அத்தை, எனக்கு ஆபீசும் வூடும் சேர்ந்து முடியல. ரூம் வேற சும்மாதான் கெடக்கு, நீங்க சீக்கிரம் வந்துட்டீங்கன்னா எனக்கு எவ்ளோ நிம்மதியா இருக்கும்" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை பழமலை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள், ஒரு சாமானை எடுத்த இடத்தில் இன்னொரு சாமானை வைப்பது போல.

மறுநாளே மணவாளநல்லூர் பஸ் ஏறினேன். கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவதைப் பற்றி உனக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, யார் என்ன தீங்கு செய்தார்கள் என்று தாளில் எழுதிச் சாமி முன்னால் கட்டிவிட்டு வந்தால் சாமி விசாரிக்கும். எழுதத் தெரியாதவர்களுக்கு எத்தனையோ பிராது என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன், நகை திருடியவன், வரப்பை நகர்த்தியவன், பெண்டாட்டியை விட்டு ஓடியவன் என்று எல்லார் பேரையும் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கே எழுத உட்கார்ந்தேன். என் பெயர், என் விலாசம் எழுதினேன். யார் மேல் என்கிற இடத்தில் உன் பெயரை முழுசாக, பழமலையைச் சேர்த்து எழுதினேன். அதற்கு அப்புறம் பேனா நகரவில்லை. என்ன என்று எழுதுவது? என் மகன் என்னை அடிக்கவில்லை. பட்டினி போடவில்லை. கண்ணுக்கு, முழங்காலுக்கு, மாத்திரைக்கு எல்லாவற்றுக்கும் அவன்தான் பார்க்கிறான். படுக்க மெத்தை, தலைக்கு மேல் ஃபேன். எனக்கு ஒரு ரூம் கொடுத்தான் என்று எழுதினால் சாமியே சிரிக்கும். இந்தத் தீங்குக்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை, ஐந்தாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதவில்லை. நம் ஜில்லா மங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆயா, நீ எழுதறாப்புல தெரியல, பேனா சும்மாத்தான இருக்குது, எனக்கு ஒண்ணு எழுதிக் குடேன்" என்றாள். அவள் வீட்டுப் பாதையை மறித்து மனை போட்டுவிட்டார்களாம். அவளுக்கு எழுதிக் கொடுத்தேன். என்னுடையதைக் கிழித்து மடியில் முடிந்துகொண்டு திரும்பிவிட்டேன். கட்டிய பிராதைக் கட்டியவரே வந்துதான் திரும்ப வாங்க வேண்டும், நான் செத்துப் போனால் உன் மேல் அது நின்றுவிடும் என்கிற பயமும் ஒரு காரணம். பெற்றவளாயிற்றே.

பஸ்ஸில் வரும்போது இன்னொன்றும் ஞாபகம் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன், உன்னை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு நான் நல்லவளாக உட்கார்ந்துகொள்ள முடியாது. கம்பெனியில் தரம் பிரிக்கிறவர்களுக்கு முக்காலியும் ஃபேனும் உண்டு. களிமண் சுமக்கிற பெண்களுக்கு வெயில்தான். எங்கள் பானையில் அவர்கள் தண்ணீர் மொள்ளக்கூடாது என்று சட்டம் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பெண்களில் தங்கம்மாள் என்று ஒருத்தி இருந்தாள், அவள் மகள் உன் கூட நாலாம் வகுப்பில் படித்தாள். ஒருநாள் நீ அவளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாய். நான் அந்தப் பிள்ளைக்கு டீ கொடுத்தேன், நாம் குடிக்கும் கோப்பையில் இல்லை, விளிம்பு உடைந்த செகண்ட்ஸ் கோப்பையில். அவள் போன பிறகு, நம்ம வேற அவங்க வேற, இனிமே கூட்டிட்டு வராத என்று உன் காதைத் திருகினேன். அவள் அதற்கப்புறம் வரவே இல்லை. நீ அன்றைக்கு அழுதாய். பிறகு பழகிக்கொண்டாய். பிரிக்கிற கையைக் கம்பெனி வாசலிலேயே கழுவிவிட்டு வந்திருக்க வேண்டும், வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் நீ செய்திருக்கிறாய், என்ன, வரிசையில் என்னையும் அந்தப் பக்கம் வைப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் ஒன்று மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. இந்த வீடு கட்டும்போது தொழிலாளிகளுக்கு செகண்ட்ஸ் சல்லிசாகக் கிடைக்கும், உன் அப்பா கூட அதுவே போதும் என்றார், நான்தான் ஒரே பிடியாக நின்று கக்கூசுக்கு ஃபஸ்ட்டுக் கோப்பையாகப் பொறுக்கி எடுத்து வைத்தேன். அதைத் தூக்கி வந்த அன்று நீ தட்டித் தட்டிப் பார்த்தாய். ஐந்தாறு வயதிலேயே கண்ணை மூடிக்கொண்டு தட்டி, இது ஃபஸ்ட்டு, இது செகண்ட்ஸ் என்று சொல்லிவிடுவாய், சூப்பர்வைசரே உன்னைப் பந்தயம் வைத்துச் சொல்ல வைப்பார். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மறந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டது என் முட்டாள்தனம். நீ தட்டிப் பார்த்திருப்பாய். உனக்குத் தெரியும். தெரிந்துதான் என் பெட்டியை அந்த அறையில் கொண்டுபோய் வைத்தாய்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். வீட்டை விற்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த அறைக்கு வர மாட்டேன். வேறு அறை தருகிறேன் என்று ஓடி வந்து சொல்லாதே, நான் கேட்டு வாங்கிய இடத்தில் எனக்குத் தூக்கம் வராது. அளக்க வந்த ஆளிடம் இனி வர வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். என்னால் முடிகிற வரை இங்கேயே சோறாக்கித் தின்பேன், முடியாதபோது அன்னமேரி இருக்கிறாள், அவளுக்கு முடியாவிட்டால் நான் இருக்கிறேன், அப்படிப் பேசி வைத்திருக்கிறோம். நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். அப்புறம், "நல்ல வேளை, நான் பொட்டி தூக்கிட்டு வரல, என்னைய எந்த லிஃப்ட்டுல ஏத்தியிருப்பானோ" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம், மூன்று மாதத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது நேற்றுத்தான். உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். அம்புஜவல்லியைத் தேடிப் பிடித்துத் திரும்பக் கூப்பிடு, இரண்டு பஸ் மாறி வருகிறவளுக்கு ஒரு மணி நேரம் பொறுத்தால் உங்கள் வீடு இடிந்துவிடாது. அவளுக்கு அந்த பாத்ரூமைத் திறந்து விடு. அதிலிருக்கிற கோப்பையைக் கழற்றிவிட்டு ஃபஸ்ட்டாக ஒன்று வை. அம்மாவுக்காக வைக்க வேண்டாம், யார் உட்கார்ந்தாலும் ஆடாமல் இருக்க வேண்டும் அல்லவா, அதற்காக வை. இதைச் செய்தாயா என்று நான் போனில் கேட்க மாட்டேன். கார்முகில் சொல்லுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெறும் வயிற்றில் காப்பி குடித்துவிட்டுக் காரில் ஏறாதே, உனக்குப் புளித்த ஏப்பம் வருவது அதனால்தான். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. மோகனப்பிரியாவை நான் கோபித்துக்கொண்டேன் என்று சொல்லி அவளிடம் சண்டைக்குப் போகாதே, இந்தக் கடிதம் உனக்கு எழுதியது. கார்முகிலிடம் பாட்டி பொய் சொல்லிவிட்டாள், அந்த ஜன்னல் வெயிலுக்காக மேலே வைத்தது இல்லை என்று சொல்லு, மிச்சத்தை அவளே கேட்பாள், அப்போது மழுப்பாமல் பதில் சொல்லு. தீபாவளிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா. அந்தக் குழந்தைக்குத் தட்டிப் பார்க்க நான் கற்றுத்தருகிறேன், பிரித்து வைக்கக் கற்றுத்தர மாட்டேன். நீ நல்லா இருக்க வேண்டும், உன் பிள்ளை குட்டி நல்லா இருக்க வேண்டும், இவ்வளவு எழுதிய பிறகும் என் வாயில் அதுதான் வருகிறது, வேறு வர மாட்டேன் என்கிறது.

வருவதாக இருந்தால் முன்னதாகச் சொல்ல வேண்டியதில்லை. உன்னை எங்கே படுக்க வைப்பது என்று நான் யோசிக்க வேண்டிய அவசியம் இந்த வீட்டில் இல்லை. நம் வீட்டுக்கு ஒரே வாசல்தான், நீயும் அது வழியாகத்தான் வர வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
த. அமிர்தம்